பச்சை போடாதவள்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்கிற யாரிடமாவது "மயிலம் பஸ்சு போயிடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்பத்தான் போச்சு" என்பார் ஒருவர். "அது எப்பவோ போயிடுச்சே" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அந்தப் பேருந்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்டவரை வெறுமனே அனுப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொல்வதுதான். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியிடம் கேட்டால் மட்டும், "நான் வந்து கால் மணி நேரம் ஆவுதுங்க. அதுக்குள்ள போவல. அதுக்கு முன்னால போச்சான்னு எனக்குத் தெரியாதுங்க" என்பாள். கேட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போவார். அந்த ஆள் "போயிடுச்சு" என்பார். கேட்டவர் திருப்தியாக நடையைக் கட்டுவார்.

அவளோடு நின்று இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். இப்போது நினைத்தால் அலுப்புதான் வருகிறது. அவள்மேல் அல்ல, மற்ற எல்லோர்மேலும்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்னைவிட வயதில் சிறியவள், என்னை அண்ணா என்பாள். எங்கள் அலுவலகம் திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நாலைந்து பேர் வேலை பார்த்த இடம்தான், ஆனாலும் முதலாளியை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், அரிசி ஆலைகளின் சர்வர்களைப் பராமரிப்பது தொழில். சர்வர் என்றதும் குளுகுளு அறையில் விளக்குகள் மின்ன வரிசையாக நிற்பதைக் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் பக்கத்தில் அது மாடிப்படிக்குக் கீழே, கால் உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் நடுவே, தூசியைத் தின்றுகொண்டு ஓடும் கறுப்புப் பெட்டி. நான் விழுப்புரத்திலிருந்து தினமும் காலை ரயிலில் வந்து, அந்தப் பெட்டிகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அறிக்கை போகும். அதற்காக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், இருந்தது. லினக்ஸ் சர்வரில் அதை ஓடவிட்டால், என்ன பிராசஸர், எவ்வளவு மெமரி, எத்தனை டிஸ்க், டிஸ்க்குகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா, உள்ளே விசிறி சுற்றுகிறதா என்றெல்லாம் இயந்திரத்திடமே கேட்டு அட்டவணையாகக் கொடுக்கும். நன்றாக இருந்தால் பச்சை, பழுது என்றால் சிவப்பு. அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான். எழுதினேன் என்பதைவிட, இணையத்தில் நாலு இடத்தில் எடுத்து ஒட்டுப்போட்டேன் என்றால் பொருத்தமாக இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும் என்று எம்.டி. ஒரு விதி போட்டிருந்தார். சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்த உற்சாகத்தில் போட்ட விதி. படித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு வந்தது. அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி.

அவள் எதையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பாள். கடைசி வரியில் தொடங்குவாள். "மொதல்ல இது இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்ணா. அப்புறம் அதுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு மேல போயி தேடணும்" என்பாள். திரையில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டே வருவாள். விரல் நின்றால் அந்த இடத்தில் எனக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணா, இந்த எடத்துல டிஸ்க்கு நல்லாருக்குன்னு பச்ச போடுது. யாரு சொன்னது?"

"டிஸ்க்குதான் சொல்லுது."

"டிஸ்க்கு ஒண்ணும் சொல்லலயே. காலியாத்தான் வந்திருக்குது."

"கெட்டுப்போயிருந்தா சொல்லியிருக்கும்மா. ஒண்ணும் சொல்லலன்னா நல்லாருக்குன்னுதான அர்த்தம்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் சொல்லலன்னுதாண்ணா அர்த்தம்" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். டிஸ்க்கின் நிலையைக் கேட்க இயந்திரத்தின் முழு அனுமதி வேண்டும். பல வாடிக்கையாளர்கள் அந்தக் கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள். அனுமதி இல்லாமல் கேட்டால் பதில் காலியாக வரும். காலியில் 'பழுது' என்ற சொல் இல்லாததால் என் ஸ்கிரிப்ட் சந்தோஷமாகப் பச்சை போட்டுவிடும். அனுமதி இருந்தாலும் சில சர்வர்களில் டிஸ்க்குகள் எல்லாம் அவற்றைக் கட்டி மேய்க்கிற ஒரு கார்டுக்குப் பின்னால் இருக்கும். வெளியிலிருந்து கேட்டால் கார்டுதான் பதில் சொல்லும். அதை அவள் இப்படிச் சொன்னாள்:

"மருமவளுக்கு ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டா, மாமியா வாசல்ல நின்னுக்கினு நல்லாத்தான் இருக்கறான்னு சொல்ற மாதிரிண்ணா. உள்ள போயி பாத்தாத்தான தெரியும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் மாமியாரை எனக்கு அப்போது தெரியாது.

அவளுக்குப் பிடித்த இயந்திரம் ஒன்று இருந்தது. ஓர் அரிசி ஆலையில், உதிரிகளாக வாங்கி மாட்டிய சர்வர். அதனிடம் வரிசை எண் கேட்டால், 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். யாரும் நிரப்பவில்லை, அதனால் அப்படியே கிடந்தது. நான் அந்த இடத்தில் எங்கள் அலுவலக எண் ஒன்றைப் போடும்படி ஸ்கிரிப்டில் எழுதியிருந்தேன். அவள் அதை எடுக்கச் சொன்னாள். "எனக்கு யாரும் இன்னும் நம்பர் வெக்கலன்னு பாவம் அதுவே ஒத்துக்குது. நம்ம ஏண்ணா பொய்யி சொல்லணும்?" என்று அன்றைக்கு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

இவ்வளவும் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைசியில் ஒப்புதல் என்ற இடத்தில் எல்லோரும் 'சரி' என்று போடுவார்கள். அவள் 'பார்த்தேன்' என்று போடுவாள்.

"சரின்னு ஒரு வார்த்த போட்டா கொறஞ்சா போயிடுவ?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"சரியான்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்? பாத்தேன். அதத்தான சொல்ல முடியும்" என்றாள்.

மயிலத்துக்கு உள்ளடங்கிய ஒரு ஊர் அவளுக்கு. அம்மா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர். கல்யாணமாகித் திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். புருஷன் வேன் ஓட்டுகிறவர். சென்னைக்குச் சவாரி என்று கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. வேன் மட்டும் ஒரு சாலை ஓரத்தில் பூட்டியபடி கிடைத்தது. போன் அணைந்தது அணைந்ததுதான். போலீசில் புகார் கொடுத்தார்கள், அலைந்தார்கள், ஓய்ந்தார்கள். தெருவில் பாதிப் பேர் அவர் செத்துவிட்டார் என்றார்கள். மீதிப் பேர் சென்னையில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். மாமியார் ஒரு நாள் தாலியைக் கழற்று என்பார், இன்னொரு நாள் ஏன் வெறும் நெற்றியோடு நிற்கிறாய் என்று திட்டுவார். யார் வந்து "அவரு இருக்காரா, இல்லியா?" என்று கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "தெரியலங்க." அழுகையும் இருக்காது, கோபமும் இருக்காது. பஸ் போயிற்றா என்று கேட்டவருக்குச் சொல்கிற அதே குரல்.

அவள் செல்போனைத் திறந்தால் அவர் படம் வரும். வேனுக்குப் பக்கத்தில், ஒரு கையைப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். எப்போதும் அப்படித்தான் நிற்பாராம்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் மகளை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தது குழந்தை. எம்.டி. நல்ல மனதோடுதான் குனிந்து, "அப்பா ஜல்தி வந்துடுவாரு பாப்பா. ஒனக்குப் பொம்ம வாங்கிக்கினு வருவாரு" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். "அப்பா எப்ப வருவாருன்னு அம்மாவுக்குத் தெரியாது பாப்பா. சாருக்கும் தெரியாது" என்றாள்.

எம்.டி.யின் முகம் செத்துவிட்டது. எனக்கே அவள்மேல் ஆத்திரமாக வந்தது. குழந்தையிடம் போய் இப்படியா பேசுவார்கள்? கீழே டீ குடிக்கப் போனபோது கேட்டேவிட்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "போன தீவாளிக்கு வந்துடுவாருன்னு எங்கம்மா சொல்லிட்டாங்கண்ணா. புள்ள புதுத்துணிகூட போடாம அன்னிக்கி பூரா வாசல்லயே குந்திக்கினு இருந்துது. தெரியலன்னு சொன்னா அது பாட்டுக்கு வெளாடப் போயிடுது."

அந்த வருடம் என் ஸ்கிரிப்ட் அவள் சொன்னபடி மாறியது. கேட்டு, நல்ல பதில் வந்தால் பச்சை. கேட்டும் பதில் வராவிட்டால், அல்லது கேட்கவே முடியாவிட்டால், மஞ்சள் கட்டத்தில் 'தெரியவில்லை'. முதல் அறிக்கையைப் பார்த்ததும் எம்.டி. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, மஞ்சக்காமால வந்த மாதிரி இருக்குது?"

"பாஸ்வேர்டு வாங்கிக் குடுங்க சார். கேட்டு சொல்லிடலாம்" என்றாள்.

"பாஸ்வேர்டு கேட்டா ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பாங்க. ஏம்மா பேஜாரு பண்ற?"

அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவருக்குப் பச்சை தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒப்புதல் விதி அவரே போட்டது. யார் படிக்கப் போகிறார்கள் என்று சலித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். வருடக்கணக்கில் பச்சையாக அனுப்பியதை ஒருவரும் படித்ததில்லை. மஞ்சளாகப் போனதும் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் படித்துவிட்டார். மயிலம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் கரஸ்பாண்டன்ட். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. நேரில் வந்து விளக்கச் சொன்னார்.

எம்.டி. எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். மாடிப்படியில் நிறுத்தி அவளிடம் சொன்னார்: "ஒரே வார்த்தம்மா. மெஷின்லாம் நல்லாருக்குது சார்னு சொல்லிட்டு வந்துடு. எனக்கும் ஆபீசு இருக்கும், ஒனக்கும் வேல இருக்கும்." மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னார்.

பேருந்தில் ஜன்னல் ஓரம் அவள். வெயில் முகத்தில் அடித்தது. திரும்பி உட்காரவில்லை. நான் மெதுவாக ஆரம்பித்தேன். "சொல்லிடும்மா. வாடகை, பாப்பா ஸ்கூலு, எல்லாத்தையும் நெனச்சுப் பாரு."

"சொல்லலாம்ணா. மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கினேதான் வர்றேன். வாய்ல வரமாட்டேங்குது."

கரஸ்பாண்டன்ட் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார். அறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"மெஷின் நல்லாருக்குதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

"தெரியலங்க சார்."

"அப்ப கெட்டுப்போச்சா?"

"அதுவும் தெரியலங்க. டிஸ்க்கெல்லாம் கார்டுக்குப் பின்னால இருக்குது. அர நாள் மெஷின நிறுத்திக் குடுத்தீங்கன்னா தொறந்து பாத்து சொல்லிடுறங்க."

"அட்மிஷன் நேரத்துல நிறுத்தறதா? நல்லா இருக்குதே. மாசாமாசம் பணம் வாங்கிக்கினு தெரியலன்னு எழுதிக் குடுக்குறதுக்கா நீங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

"பாத்தாத்தாங்க சார் தெரியும்" என்றேன். வீரமெல்லாம் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

அவர் அறிக்கையை மடித்து என் கையில் கொடுத்தார். மோர் நன்றாக இருந்தது. வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றோம். ஒரு பெரியவர் வந்து, "திண்டிவனம் பஸ்சு போயிடுச்சாம்மா?" என்று கேட்டார். "நாங்க இப்பத்தாங்க வந்தோம். தெரியலங்க" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

ஒப்பந்தம் வேறு ஆட்களுக்குப் போயிற்று. அவர்கள் அறிக்கை முழுக்கப் பச்சையாக இருக்கும் என்று கேள்வி. ஆபீசு இனிமேல் இத்தனை பேரைத் தாங்காது என்று எம்.டி. அவளிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பாதியில் இருந்த ஒரு ஸ்கிரிப்டைக் கீழிருந்து மேலாக முழுவதும் படித்து முடித்து, 'பார்த்தேன்' என்று போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இது கதையாக இருந்தால் அடுத்த வாரமே அந்தக் கல்லூரியின் டிஸ்க் போயிருக்க வேண்டும். கரஸ்பாண்டன்ட் கார் போட்டுக்கொண்டு அவள் வீட்டைத் தேடி வந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தச் சர்வர் இன்னும் மாடிப்படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கலாம். நன்றாகவேகூட இருக்கலாம்.

அவள் போன பிறகு எம்.டி. ஒரு வழி கண்டுபிடித்தார். 'தெரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போடச் சொன்னார். மஞ்சளையும் எடுத்துவிட்டோம். அதே தெரியாததுதான், ஆனால் கோடு போட்டால் ஒருவருக்கும் கோபம் வருவதில்லை. போனில் அவளிடம் சொன்னேன். "கோடா? கோடுன்னா இன்னாண்ணா அர்த்தம்?" என்று கேட்டாள். இன்றுவரை ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்போது அவள் பொம்மையார்பாளையத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் அறை முன்பதிவு பார்க்கிறாள். மகளையும் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டாள். அறையிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்பவர்களிடம், "ரூம்லேர்ந்து தென்னமரந்தாங்க தெரியும். மொட்ட மாடிக்குப் போனா கடல் தெரியும்" என்று சொல்வாளாம். அந்த முதலாளி எத்தனை நாள் தாங்குவார் என்று நான் கவலைப்பட்டதுண்டு. தாங்கிக்கொண்டிருக்கிறார்.

சில வாரங்களுக்கு முன், விழுப்புரத்தில் காலை ரயிலில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர ஆரம்பித்தது. எதிர் நடைமேடையில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். தோளில் ஒரு பை. ஒரு கை பின்கழுத்தில். நான் எழுந்து கதவருகே ஓடுவதற்குள் நடுவில் ஒரு சரக்கு வண்டி வந்து மறைத்துவிட்டது.

திண்டிவனம் வரும்வரை யோசித்தேன். சொன்னால் அவளைக் கலைத்துப் போட்டதாகும். சொல்லாமல் விட்டால், அதுவும் ஒரு கோடு போட்டதாகத்தான் ஆகும் என்று தோன்றியது. நடைமேடையில் இறங்கி, கூட்டம் போனபிறகு போன் செய்தேன்.

"சொல்லுங்கண்ணா."

"விழுப்புரத்துல, எதிர் பிளாட்பாரத்துல ஒருத்தரப் பாத்தேம்மா. கையப் பின்கழுத்துல வெச்சுக்கினு நின்னாரு."

அந்தப் பக்கம் யாரோ அறைச் சாவி கேட்பது கேட்டது. அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"மொகம் பாத்தீங்களா?"

"இல்லம்மா. பின்னாலேர்ந்துதான்."

"கூப்ட்டீங்களா?"

"வண்டி கெளம்பிடுச்சும்மா."

"அப்ப ரிப்போர்ட்டுல கேக்க முடியலன்னுதாண்ணா வரும்" என்றாள். திரையில் விரலை வைத்துக்கொண்டு பேசுவாளே, அதே குரல். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அண்ணா."

"சொல்லும்மா."

"ஒடம்பு எப்படி இருந்துது?"

நல்லாத்தாம்மா இருந்தாரு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அன்றைக்கு ஒரு வேளையாவது அவளுக்குச் சோறு நிம்மதியாக இறங்கும். என் வாழ்நாளில் ஒரு பச்சை போட இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் சாவியை எடுத்து யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்கண்ணா" என்றாள்.

நான் கொண்டுபோய்க் கொடுத்த எதற்கும் அதுவரை அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.